கழுத்தில் மூன்று மில்லிமீட்டர்

2025 ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். வெயில் இல்லை. மேற்கிலிருந்து வந்த சாரல் காற்று தெருவில் கிடந்த பஞ்சையும் நூல் துணுக்குகளையும் உருட்டிக்கொண்டு போனது. மழை என்று சொல்ல நாலு தூறல்கூட விழவில்லை. அந்த நேரத்தில்தான் கூரியர்க்காரர் என் இடுப்புக்கு மேல் வரும் உயரத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு, செல்போனுக்கு வந்த எண்ணைக் கேட்டார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒருமுறை எனக்குள் படித்துப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னேன். பெட்டிக்குள் இருந்தது ஒரு கிட்டார். என் மனைவிக்காக, அவளிடம் சொல்லாமல் வாங்கியது.

நான் கிட்டார் வாசிப்பவன் அல்ல. நூற்பாலையின் சோதனை அறையில் முப்பத்து மூன்று வருஷம் நூலை அளந்தும் எடை பார்த்தும் நம்பர் போட்டும் ஓய்வு பெற்றவன். அளக்காத பொருளை எனக்கு நம்பத் தெரியாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தும் இழுத்துப் பார்ப்பேன்.

கிட்டார் வாசிப்பவள் அவள். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு கன்னியாஸ்திரியிடம் கற்றுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தாள். வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் கோவில் கொடைத் திருவிழாக்களில் மேடையில் பாடாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். "அந்தப் பொம்பளை என்ன, பாட்டு மறந்துட்டாளா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அடுத்த பாட்டின் நடுவில் அவள் தனியாக வாசித்த பகுதி முடிந்ததும் அதே ஆள்தான் முதலில் விசிலடித்தார். குழு கலைந்த பிறகும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் வாசிப்பாள். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடும் சத்தத்தைத்தான் தாளமாக வைத்துக்கொள்வாள். தறி நின்றால், "கரண்டு போச்சு, தபேலாக்காரன் எழுந்திரிச்சுப் போயிட்டான்" என்பாள்.

போன நவம்பரில் கொடியில் துணி எடுக்கப் போனவள் ஈரத்தில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்தபோது நான்கு விரல்களும் நன்றாகவே அசைந்தன. பெருவிரல் மட்டும் முன்போல விரியவில்லை. இனிமேல் இவ்வளவுதான், அரிசி களையலாம், பாத்திரம் தூக்கலாம், அதுவே பெரிது என்றார் டாக்டர். எனக்கும் பெரிதாகத்தான் பட்டது. கிட்டாரில் பெருவிரலுக்கு என்ன வேலை இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இடது கை ஓடித் திரிகிற அந்த நீண்ட மரத்துக்குக் கழுத்து என்று பெயர். முன்பக்கத்தில் விரல்கள் கம்பிகளை அழுத்தும்போது, பின்பக்கத்தில் பெருவிரல் எதிராக நின்று தாங்க வேண்டும். கழுத்து பருமனாக இருந்தால் கை அவ்வளவு அகலமாக விரிய வேண்டும். அவளுடைய கிட்டார் கல்கத்தாவில் செய்தது. கல்லூரியில் படிக்கும்போது அவள் அப்பா வரவழைத்துக் கொடுத்தது. அதன் கழுத்து நல்ல பருமன். ஜனவரியில் ஒரு நாள் மடியில் வைத்துப் பார்த்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். கையை உதறினாள். மறுபடி பிடித்தாள். பிறகு உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வித்துருங்க. படிக்கிற பிள்ளை யாருக்காவது ஆகும்."

நான் விற்கவில்லை. பீரோவின் மேல் ஏற்றி வைத்தேன். அதன் பிறகு ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் அந்த நேரத்தில் கீரை ஆய்வாள், இல்லையென்றால் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பாள். இனி எந்நாளும் இப்படித்தானோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் அளக்க ஆரம்பித்துவிடுவேன்.

தடிமன் அளக்கிற வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கினேன். அவள் கோவிலுக்குப் போன நேரத்தில் கிட்டாரை இறக்கி அளந்தேன். கழுத்தின் தலைப்பக்கத்தில் அகலம் நாற்பத்தேழு மில்லிமீட்டர், கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த கட்டைகளில் முதல் கட்டையில் தடிமன் இருபத்தைந்து. கை சுருங்கிவிட்டது, ஆகவே கழுத்தும் சுருங்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பல நாள் தேடி, நாற்பத்து மூன்று அகலமும் இருபதரை தடிமனும் உள்ள ஒன்றைக் கண்டுபிடித்து வரவழைத்தேன். அதுதான் அந்தச் சனிக்கிழமை வந்த பெட்டி.

அவள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். கழுத்தைப் பிடிச்சுப் பாரு."

"ஏன், யாரு கழுத்தை நெரிக்கச் சொல்லுதிய?"

கேலிதான், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. நான் மில்லிமீட்டர்களைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தாள். பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடித்தாள். பிசிறடித்தது. இன்னொன்று. அதுவும் பிசிறு.

"ஆடித்தபசுக் கூட்டத்துல ரதவீதியில நிக்க மாதிரில்லா இருக்கு" என்றாள். "ஒரு விரல் நகந்தா பக்கத்து விரல் மிதிபடுது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல இடமே இல்லை."

"அகலம் குறைஞ்சா எட்டிப் பிடிக்க லேசாத்தானே இருக்கும்?"

"எனக்கு எட்டாம இல்லைங்க. விரியத்தான் மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். தோற்றுப்போன மாதிரி இருந்தது. சமாதானமாக, கூடவே வாங்கிய கம்பிப் பொட்டலத்தை நீட்டினேன். "கம்பியும் மெலிசாப் பாத்து வாங்கியிருக்கேன். விரல் வலிக்காது. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணுன்னு நாலு நம்பர் போட்டிருந்தான். இருக்கிறதுலயே மெலிசு, பதிமூணு."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கிட்டார் மடியில் குலுங்கியது.

"ஏங்க, இது என்ன உங்க மில்லு நூலா? எங்க கம்பியில நம்பர் கூடக் கூடத் தடிமன். இருக்கிறதுலயே இரும்புக் கம்பியாப் பாத்து வாங்கிட்டு வந்திருக்கிய!"

எங்கள் ஊரில் வேறு யாரைக் கேட்டாலும் நான் சொன்னதைத்தான் சொல்வார்கள். நாற்பதாம் நம்பர் நூல் தடிமன், எண்பதாம் நம்பர் மெலிசு, நூறு அதைவிட மெலிசு. பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அவள் சிரித்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. நவம்பருக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது நல்ல காரியமும் நடந்தது. எனக்கு விளங்கவைக்க வேண்டும் என்பதற்காக அவள் அந்தக் கிட்டாரைக் கீழே வைக்கவே இல்லை.

கழுத்தின் அகலம் விரல்களுக்கானது, தடிமன் பெருவிரலுக்கானது என்று சொன்னாள். தனியாகப் பாட்டு வாசிக்கிறவர்களுக்குக் கம்பிகளுக்கு நடுவே இடம் வேண்டும். விரல் ஒன்றை விட்டு ஒன்று நகர வேண்டும். கார்டு பிடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒடுக்கமான கழுத்தே போதும். பருமனும் அப்படித்தான். மிகவும் பருமனாக இருந்தால் கை நோகும். மிகவும் மெலிந்திருந்தாலும் நோகும். ஏனென்றால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் பெருவிரல் தானாகவே இறுக்கிக்கொள்ளும். "பஸ்ஸுல மேல கம்பியைப் பிடிச்சிட்டு நிப்போம்லா, அது கையில நிறைஞ்சாத்தான் நிம்மதி. கயித்தைப் பிடிச்சிட்டு நிக்க முடியுமா?"

"அப்ப உனக்கு எவ்வளவு தடிமன் வேணும்? ஒரு நம்பர் சொல்லு."

"நம்பர் எனக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்."

"அப்ப கைகிட்டக் கேட்டுச் சொல்லு."

"கேட்டுச் சொல்லுதேன், இருங்க" என்றாள், சண்டைக்காரி மாதிரி.

திங்கட்கிழமை சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், "அந்தப் புதுக் கிட்டாரைக் கொண்டாங்க" என்று குரல் கொடுத்தாள். கொண்டுபோனேன். ஒரு கைப்பிடி மாவை எடுத்துக் கழுத்தின் முதுகில் அப்பினாள்.

"ஏட்டி! ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம்னு போட்டிருக்கான்!"

"அனுப்புங்க. மாவோட அனுப்புங்க."

அப்பிய மாவின் மேல் இடது கையை வைத்துப் பிடித்தாள். மாவு பிதுங்கியது. பிதுங்கியதை வழித்தாள், மறுபடி பிடித்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெலிந்த கழுத்தின் மேல் மாவை வைத்து, தன் இப்போதைய கைக்கு எது போதுமோ அந்தக் கழுத்தைச் செய்துகொண்டிருக்கிறாள். தடிமனான கழுத்தில் இதைச் செய்ய முடியாது. நான் தப்பாக வாங்கியது ஒரு வேலைக்கு ஆயிற்று.

அதன் பிறகு நான் சும்மா இருப்பேனா? அகலம் பழைய கிட்டார் மாதிரி நாற்பத்தேழு வர வேண்டுமே என்று, ஈர்க்குச்சிகளைச் சீவி இரண்டு ஓரத்திலும் வைத்து நூலால் கட்டினேன். மாவு காய்ந்து வெடிக்கிறது என்று உப்பும் எண்ணெயும் சேர்க்கச் சொன்னேன். எறும்பு வருமே என்று கிட்டாரைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் வைத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் சப்பாத்தி நடக்கவில்லை. எல்லா மாவும் கழுத்துக்கே போயிற்று.

அதில் இரண்டு நாள் நடந்ததை எழுதியாக வேண்டும். செவ்வாயன்று ஒரு வடிவம் செய்தாள். அளந்தேன், இருபத்திரண்டு மில்லிமீட்டர். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, வலிக்குது என்று வழித்துப் போட்டாள். புதனன்று இன்னொன்று செய்தாள். கையை எடுக்க மனமில்லாதவள் மாதிரி பிடித்துக்கொண்டே இருந்தாள். "இதுதான்" என்றாள். அளந்தேன். அதுவும் இருபத்திரண்டு.

காலிப்பரைச் சந்தேகப்பட்டேன். மறுபடி அளந்தேன். பிறகு கத்தியால் அந்த மாவைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்த்தேன். நடுமுதுகு அதே உயரம்தான். ஆனால் மேல் கம்பி இருக்கும் பக்கத்துத் தோள், அதாவது ஓர வளைவு, புடைக்காமல் சரிந்து இறங்கியிருந்தது. அவளுடைய பெருவிரல் நடுமுதுகில் நிற்கவில்லை. அந்தச் சரிவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. விரிய முடியாத விரலுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. நூல் உருண்டை, எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்றுதான். கழுத்து அப்படி இல்லை. இதை எழுபத்திரண்டு வயதில், ஒரு துண்டு சப்பாத்தி மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் கட்டை, ஐந்தாவது, ஒன்பதாவது என்று மூன்று இடத்தில் வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையில் வடிவத்தை வரைந்து நறுக்கினேன். பழைய கிட்டாரின் கழுத்தையே இந்த வடிவத்துக்குச் செதுக்கிவிடலாம் என்று அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, அதைப் பீரோவிலிருந்து இறக்கி, சனிக்கிழமை இருவரும் திருநெல்வேலி பஸ் ஏறினோம். கிட்டாருக்கு ஜன்னலோரம். பனவடலிசத்திரம் தாண்டும்வரை அவள் உறையின் ஜிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "செதுக்கினா சத்தம் மாறிருமோ?" என்று மட்டும் கேட்டாள்.

பாளையங்கோட்டையில் வயலின், கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர். என் அட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க மாதிரி கொண்டாந்திருக்கிய?"

"முதல் கட்டையில இருபத்தஞ்சு இருக்கு. இருபத்திரண்டு ஆக்கணும். மூணு மில்லி எடுக்கணும்."

அவர் கழுத்தைத் தட்டினார், தடவினார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். "உள்ள இரும்புப் பட்டை ஓடுது. ரெண்டு மில்லி எடுக்கலாம். மூணு எடுத்தா பட்டைக்கு மேல மரம் தோல் மாதிரிதான் நிக்கும். கம்பி இழுக்கிற இழுப்புல கழுத்து வில்லா வளைஞ்சிரும். அப்புறம் அண்ணாச்சி என்னைய ஏசக் கூடாது."

நான் கிட்டாரை உறையில் போடச் சொல்லிவிட்டேன். வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். எடுத்த மரத்தை யார் திரும்ப ஒட்டுவது? வாசிக்காவிட்டாலும் அந்தக் கிட்டார் முழுசாக இருக்கட்டும், கண்ணால் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்றேன். இன்னும் பல கடைகளில் தேடலாம் என்றேன். மதுரை, சென்னை என்று அடுக்கினேன்.

அவள் டீயைக் குடித்து முடித்தாள். "பீரோ மேல இருந்தா மட்டும் அது முழுசா?" என்றாள். "என் கை மாறியாச்சு. திரும்பாது. மரம் எனக்காகக் கொஞ்சம் விட்டுக்குடுக்கட்டும்."

உள்ளே போய், என்னிடமிருந்த அட்டையை வாங்கி மேஜையில் வைத்து, அவரிடம் அவளே பேசினாள். "நடுமுதுகுல ரெண்டு மில்லியே எடுங்க. பட்டைகிட்டப் போக வேண்டாம். மிச்சத்தை இந்தத் தோள்ல எடுங்க. இங்கன பட்டை கிடையாதுல்லா? என் பெருவிரல் இங்கனதான் உட்காருது. மத்தப் பக்கம் தொட வேண்டாம்."

அவர் அவளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சிலை எடுத்து அட்டையில் ஒரு கோடு இழுத்து, "இப்படியா அக்கா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் சரியட்டும் என்றாள். இழுத்தார். தோளில் மூன்று மில்லிமீட்டர் வந்தது. பட்டைக்கு ஆபத்தில்லை.

"வாசிக்கிற ஆளு நீங்களா அக்கா? நான் அண்ணாச்சின்னுல்லா நினைச்சேன், அவ்வளவு பேசினாரு."

"அவரு அளக்கிற ஆளு" என்றாள். "இந்த அட்டை அவரு வெட்டினதுதான். அது இல்லேன்னா உங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்லியிருப்பேன்? வலிக்குதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

என் அளவுப் பைத்தியத்தை நாற்பத்து மூன்று வருஷமாகச் சகித்துக்கொண்டவள், அந்த வாரம் அதை வேலைக்கு வைத்துக்கொண்டாள். இதைவிடப் பெரிய மரியாதை மில்லில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்று வாரம் ஆகும் என்றார். நான் தினமும் போன் செய்தேன். ஈரக்காற்று அடிக்கிறதே, மரம் ஊறாதா? மெருகு காய்ந்துவிட்டதா? வளைவு ஏதும் தெரிகிறதா? "அண்ணாச்சி, பிரசவ ஆஸ்பத்திரிக்குக்கூட இவ்வளவு போன் வராது" என்றார் ஒரு நாள். அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் செய்தேன்.

ஜூலையில் போய் வாங்கினோம். செதுக்கிய இடம் மட்டும் புது மரம் மாதிரி வெளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் பழைய கறுப்பு. பத்தாம் நம்பர் கம்பி போட்டிருந்தார். நான் காலிப்பரை எடுத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தாள். இடது கை கழுத்தின் கீழே போயிற்று. பெருவிரல் கொஞ்சம் தேடியது. பிறகு நின்றது. நின்றதை நான் பார்த்தேன்.

வாசித்தாள். கொடை மேடைகளில் முதல் பாட்டுக்கு முன்னால் வழக்கமாக வாசிக்கும் சின்னத் துண்டு ஒன்று. முதல் தடவை பாதியில் நின்றது. இரண்டாவது தடவை முழுசாக வந்தது. ஒரே ஒரு கார்டில் மட்டும் மேலே இருக்கும் தடித்த ஆறாவது கம்பியை விட்டுவிட்டாள். அவ்வளவு தூரம் கை சுற்றவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது, பழுதுபார்ப்பவருக்கும் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததுதான் ஆச்சரியம்.

"அஞ்சு கம்பி வருதுல்லா, போதும்" என்றாள் என்னிடம். "ஆறாவது கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்."

கழுத்து வளையவில்லை. வாரம் ஒருமுறை நீளவாக்கில் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறேன். அவள் அதற்கென்று கிட்டாரை நீட்டிக்கொடுக்கிறாள், காய்ச்சல் பார்க்கக் கையை நீட்டுகிற மாதிரி. சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்கிறாள். மோசமாக இல்லையாம், வயதான குரல் மாதிரி இருக்கிறதாம். மாலை ஆறு மணிக்கு உட்காருகிறாள். பாதி நாள் ஏழு மணிக்கு முன்பே கை ஓய்ந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரமே எனக்கு ஏராளம். வாசல் திண்டில் உட்கார்ந்து கேட்கிறேன். வீட்டைப் பூட்டும் நேரம்கூட அப்போது நினைவுக்கு வருவதில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால் பட்டியல் நீளும். விரியாத அந்த விரலுக்கும், அதற்காக இடம் விட்ட மரத்துக்கும், என்னோடு பஸ் ஏறியவளுக்கும் சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாவு ஒட்டிய கிட்டாரை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் சேர்த்து, காலிப்பர், கம்பிகள், செதுக்கு கூலி, பஸ், ஆட்டோ, டீ எல்லாமாக எனக்கு ஆன செலவு பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று அறுபத்திரண்டு ரூபாய்.